ஒரு கோழி, 55 வருடங்கள்: பெய்டன் ரவுஸ் (1879 - 1970)

1909ம் வருடம் இலையுதிர் காலத்தில் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு கோழி வந்து சேர்ந்தது. பிளிமத் ராக் என்ற அமெரிக்க இனம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இறகுகள். வயது சுமார் 15 மாதம். அதன் வலது மார்பில் ஒரு கட்டி உருண்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கட்டி கண்ணில் பட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றார் வளர்த்தவர். நம் ஊராக இருந்தால் கட்டி சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே அந்தக் கோழி குழம்பாகியிருக்கும். சுத்த இனக் கோழி என்பதாலோ என்னவோ, அந்த அமெரிக்கர் அதை அறுக்காமல் ஆராய்ச்சியாளரிடம் கொண்டுபோனார். மருத்துவ வரலாற்றில் அந்த மனிதருக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கோழியை வாங்கிக்கொண்ட ஆராய்ச்சியாளர் பெய்டன் ரவுஸ். அப்போது அவருக்கு 30 வயது. அந்தக் கோழியைப் பற்றி அவர் 1911ல் எழுதியதற்காக 1966ல் நோபல் பரிசு வாங்கினார். இடையில் 55 வருடங்கள். பரிசு வாங்கும்போது வயது 87. இவ்வளவு காலம் காத்திருந்து நோபல் பரிசு பெற்றவர்கள் மிகவும் குறைவு. காத்திருந்தார் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. அந்த 55 வருடங்களில் பெரும்பகுதி அவரே அந்தக் கோழியைக் கைவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

ரவுஸ் பிறந்தது 1879 அக்டோபர் 5ம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். அவருக்குப் பதினோரு வயது இருக்கும்போது தந்தை காலமானார். தாயின் சொந்தபந்தங்கள் எல்லாம் டெக்சாஸில். அங்கே போயிருந்தால் உறவினர் துணை கிடைத்திருக்கும். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கு பால்டிமோர்தான் நல்லது என்று சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் உறவை விட்டுத் தள்ளி வாழும் தாய்மாரை நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தைக் கடந்துபோக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கைச்செலவுக்காக உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் மாதந்தோறும் பூக்கும் காட்டுப் பூக்களைப் பற்றி எழுதினார். எழுத்தின் மீது அவருக்கு இருந்த பிடிப்பு அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். பிறகு அங்கேயே மருத்துவம். இரண்டாம் வருடத்தில் காசநோயால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதிக்கும்போது எலும்பில் விரல் உரசிக் காயம் ஏற்பட்டது. அந்தக் காயம் வழியே காசநோய் கையேறி அக்குள் கணுக்களில் தங்கியது. அறுவை செய்து கணுக்களை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு வேறு மருந்து இல்லை. ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு டெக்சாஸில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்தார். குதிரை மேல் ஏறி மாடு ஓட்டிக்கொண்டு, இரவில் தரையில் படுத்துத் தூங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். 1905ல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் வேலை தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டார். நோய் எப்படி உண்டாகிறது என்று ஆராய்வதே தன் வழி என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் துறையில் சேர்ந்தார். சம்பளம் மிகக் குறைவு. அவருடைய பேராசிரியர் ஆல்ஃபிரட் வார்தின் தன்னுடைய கோடைகாலச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இவரை ஒரு கோடை முழுவதும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் படிக்க அனுப்பினார். இப்படிப்பட்ட ஆசிரியர்கள் எந்தக் காலத்திலும் சிலர்தான்.

1909ல் ராக்ஃபெல்லர் கழகத்தின் தலைவர் சைமன் ஃப்ளெக்ஸ்னர் புற்றுநோய் ஆய்வைக் கைவிட்டு இளம்பிள்ளைவாதத்தின் பக்கம் திரும்பினார். காலியான புற்றுநோய்ப் பிரிவை ரவுஸிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் சிலர் இந்த வேலையில் மாட்டிக்கொள்ளாதே என்று இவரை எச்சரித்தார்கள். புற்றுநோய் ஆய்வு அப்போது முட்டுச்சந்து. எலியின் கட்டியை வெட்டி இன்னொரு எலிக்கு வைத்து அது வளர்கிறதா, வாடுகிறதா என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கோழி வந்தது.

ரவுஸ் கோழியின் கட்டியில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அதே கோழியின் உடம்பில் வேறு இடத்திலும், அதே மந்தையைச் சேர்ந்த வேறு இரண்டு கோழிகளிலும் வைத்தார். கட்டி அங்கேயும் வளர்ந்தது. முதலில் அந்தக் குடும்பத்துக் கோழிகளில் மட்டும்தான் பற்றியது. கடையில் வாங்கிய மற்றக் கோழிகளில் பற்றவில்லை. கோழிக்குக் கோழி மாற்றி வைத்துக்கொண்டே போனபோது கட்டியின் வேகம் கூடியது. பின்னர் சொந்தமில்லாத கோழிகளிலும் அது வளரத் தொடங்கியது. இணைப்புத் திசுவில் தோன்றும் சார்கோமா வகைப் புற்று அது. சில வாரங்களில் நுரையீரல், இதயம் என்று பரவிக் கோழியைக் கொன்றது. 1910ல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இதுவரை பெரிய அதிசயம் இல்லை. எலியில் நடந்தது கோழியில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். கட்டியை மணலோடு சேர்த்து அரைத்தார். உப்புக் கரைசலில் கலக்கிக் குலுக்கினார். கனமானவை அடியில் தங்கும்படி சுழற்றினார். மேலே நின்ற நீரை பெர்க்ஃபெல்டு வடிகட்டியில் வடித்தார். ஒருவகை மண்ணைச் சுட்டுச் செய்த குழல் அது. அதன் நுண்துளைகளில் பாக்டீரியாகூட நுழைய முடியாது. உயிரணு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே ஒரு உயிரணுகூடத் தப்பியிருக்க வழியில்லை. வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெரிந்த பாக்டீரியாவைக் கலந்து ஓடவிட்டும் சோதித்தார். தெளிந்த அந்த நீரைக் கோழிக்குள் ஊசியால் செலுத்தினார். கட்டி வந்தது.

1911ல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளில் ஒன்று ஏறக்குறைய ஒரே பக்கம்தான். பழைய மருத்துவ இதழ்கள் இப்போது இணையத்தில் கிடைப்பதால் நானும் தேடிப் படித்தேன். உலகத்தைப் புரட்டப்போகிற செய்தி என்ற தொனி எங்கும் இல்லை. கட்டியை உண்டாக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராக இருக்கலாம், உயிரணுவைத் தூண்டும் ஒரு இரசாயனமாகவும் இருக்கலாம், இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய இன்னும் வேளை வரவில்லை என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார். வைரஸ் என்பது என்ன என்றே உலகம் தெளிவாக அறியாத காலம் அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. வடிகட்டியில் நிற்காமல் ஓடிப்போகும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான் அப்போது தெரியும்.

உண்மையில் அவருக்கு முன்பே இரண்டு டேனிஷ்காரர்கள் இந்த வாசல் வரை வந்திருந்தார்கள். 1908ல் கோபன்ஹேகனில் எல்லர்மன், பாங் என்ற இருவர் கோழிகளின் இரத்தப் புற்றை வடிகட்டிய நீர் மூலம் மற்றக் கோழிகளுக்குத் தொற்றச் செய்தார்கள். ஆனால் இரத்தப் புற்றைப் புற்றுநோய் வகையில் அன்று யாரும் சேர்க்கவில்லை. அதனால் அது கவனிக்கப்படாமல் போயிற்று. ரவுஸ் காட்டியது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கட்டி. அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் ஒதுக்கினார்கள். வடிகட்டியில் உயிரணு தப்பியிருக்கும் என்றார்கள் சிலர். இது புற்றே அல்ல, ஏதோ வீக்கம் என்றார்கள் சிலர். காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதாலேயே இது புற்றுநோயாக இருக்க முடியாது என்று ஒரு அறிஞர் சொன்னாராம். எல்லாவற்றையும்விட வலுவாக நின்ற மறுப்பு, இது வெறும் கோழி என்பது. பறவை வேறு, பாலூட்டி வேறு. கோழிக்கு நடப்பது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எலிகளிலும் மற்ற விலங்குகளிலும் ரவுஸ் அதே முறையில் கட்டிகளை வடித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கோழிகளில் மட்டும் இன்னும் சில புற்றுகளுக்கு வெவ்வேறு காரணிகளைக் கண்டார். எலும்பும் குருத்தெலும்புமாக வளரும் ஒரு கட்டியின் வடிநீர் அதே மாதிரி எலும்புக் கட்டியைத்தான் உண்டாக்கியது. அதாவது ஒவ்வொரு காரணிக்கும் ஒரு சாயல் இருந்தது. இவ்வளவு தெளிவான முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு 1915 வாக்கில் ரவுஸ் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார். அவமானத்தால் விலகினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாலூட்டிகளில் கிடைக்காத ஏமாற்றமே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழியை விட்ட கையோடு அவர் செய்த வேலை பல உயிர்களைக் காப்பாற்றியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இரத்தம் கொடுப்பவரைக் காயம்பட்டவர் பக்கத்திலேயே படுக்கவைத்து ஏற்றும் முறைதான் பெரும்பாலும் இருந்தது. ரவுஸும் டர்னர் என்பவரும் சிட்ரேட் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த ஒரு கரைசலில் இரத்த அணுக்களைப் பல நாட்கள் கெடாமல் வைத்திருக்கலாம் என்று கண்டார்கள். அதைக் கற்றுக்கொண்ட ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்ற இளம் மருத்துவர் 1917ல் போர்முனைக்கு அருகிலேயே இரத்தத்தைச் சேமித்து வைத்துச் சிப்பாய்களுக்கு ஏற்றினார். இரத்த வங்கி என்பதன் தொடக்கம் அதுதான். இது ஒன்றே ஒரு மனிதனுடைய வாழ்நாளுக்குப் போதும். ரவுஸைப் பற்றிய கட்டுரைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, இங்கேயும் அப்படித்தான் ஆகிறது. பிறகு கல்லீரல், பித்தப்பை, நுண்ணிய இரத்தக் குழாய்கள் என்று இருபது வருடங்கள் ஓடின.

அவர் விட்டுவிட்டாலும் பண்ணைகளில் கோழிகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கோழி நோய் என்றால் நம்மில் கிராமத்து வாசனை உள்ளவர்களுக்கு நினைவு வருவது வெள்ளைக்கழிச்சல். ஒரு நாள் கோழி ஒதுங்கி நிற்கும், கழுத்தைத் திருகும், வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும். இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகிவிடும். 1920களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்ட நோய் என்பதால் இந்தியாவில் அதற்கு ராணிக்கெட் என்று பெயர்; இங்கிலாந்தில் நியூகாசிலில் அதே காலத்தில் கண்டதால் உலகத்துக்கு அது நியூகாசில் நோய். அம்மை இன்னொன்று, கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொரிப்பொரியாய் வரும். இவையெல்லாம் வைரஸ்கள்தான். வேகமாக வந்து கண்ணுக்குத் தெரியும்படி அடித்துவிட்டுப் போகிறவை.

ரவுஸின் கோழிக்கு உறவான நோய் அப்படியில்லை. லுக்கோசிஸ் என்று அதற்குப் பெயர். தாய்க்கோழியிடமிருந்து முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குப் போய்விடும். குஞ்சு பார்க்க நன்றாகவே இருக்கும். தன்னோடு பிறந்ததை எதிரி என்று அதன் உடம்பு அடையாளம் காணாது. நாலு மாதம் தாண்டி முட்டையிடும் பருவம் வரும்போது கல்லீரல் வயிறு முழுக்க வீங்கும், கொண்டை வெளுக்கும், கோழி இளைத்துச் சாகும். சாகாத கோழிகளும் முட்டை குறைத்துப் போடும், தன் முட்டைகள் வழியே வைரஸைத் தொடர்ந்து கொடுக்கும். வீட்டுக்கு நாலு கோழி வளர்த்த காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து, ஒரே தாய்வழியிலிருந்து நாடு முழுக்கக் குஞ்சு பொரித்து விற்கத் தொடங்கிய பிறகு ஒரு தாய்க்கோழியின் வைரஸ் ஊர் ஊராகப் போயிற்று. இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. 1907ல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் கால் விளங்காமல் போன சேவல்களைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கும் கோழிகள். அதே நோய் பிற்பாடு உள்ளுறுப்புகளில் கட்டியாகவும் வந்தது. இரண்டும் ஒரே நோயா, வேறு வேறா என்று தெரியாமல் பண்ணைக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகள் தடுமாறினார்கள். 1960களில்தான் லுக்கோசிஸ் வேறு, மாரெக் நோய் வேறு என்று பிரித்தார்கள். மாரெக் நோய் ஹெர்பெஸ் வகை வைரஸால் வருவது. கோழியின் இறகுப் பொடியில் ஏறிக் காற்றில் பரவுவது.

மறுபடி ரவுஸிடம் வருகிறேன். 1933ல் ராக்ஃபெல்லர் கழகத்தைச் சேர்ந்த அவருடைய நண்பர் ரிச்சர்டு ஷோப், காட்டு முயல்களின் தோலில் கொம்பு மாதிரி வளரும் கட்டிகள் வைரஸால் வருபவை என்று கண்டுபிடித்தார். தொடர்ந்து ஆராயும்படி அதை ரவுஸிடம் கொடுத்தார். முயல் ஒரு பாலூட்டி. 18 வருடங்களுக்கு முன்னால் கிடைக்காமல் போனது இப்போது கைக்கு வந்துவிட்டது. 50 வயதைத் தாண்டிய ரவுஸ் மீண்டும் புற்றுநோய்க்குள் இறங்கினார், இறக்கும்வரை அதிலிருந்து வெளியே வரவில்லை. சாதாரண மருவாகத் தொடங்கும் அந்தக் கட்டி சில முயல்களில் கொடிய புற்றாக மாறியது. முயல் காதில் தார் பூசிவிட்டு வைரஸையும் செலுத்தினால் மிக விரைவில் மாறியது. புற்று ஒரே அடியில் வருவதில்லை, முதலில் ஒன்று தொடங்கிவைக்கிறது, பிறகு வேறொன்று தூண்டிவிடுகிறது என்ற கருத்து இந்த முயல் வேலைகளிலிருந்துதான் உருவாயிற்று. 1945ல் பணி ஓய்வு பெற்றார். மறுநாளும் ஆய்வகத்துக்கு வந்தார். அதற்கு அடுத்த 20 வருடங்களும் வந்தார்.

இதற்கு நடுவே 1920களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு மருத்துவ ஆராய்ச்சி இதழின் ஆசிரியராகவும் இருந்தார். வந்த கட்டுரைகளை வரிக்கு வரி கையால் திருத்துவார். ஆய்வு சரியாக இருந்தாலும் வாக்கியம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார் என்று சொல்வார்கள். அவர் திருத்திய பிரதியைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, எழுதக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. இணைய இதழ்களுக்கு அவசரத்தில் எழுதி அனுப்பும் என்னைப் போன்றவர்கள் அவரிடம் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

நோபல் கதைக்கு வருவோம். 1926லேயே கார்ல் லாண்ட்ஸ்டைனர் அவர் பெயரைப் பரிந்துரைத்துவிட்டார். அந்த வருடத்துப் பரிசு புற்றுநோய் ஆய்வுக்குத்தான் போயிற்று, ஆனால் ரவுஸுக்கு அல்ல. டென்மார்க்கின் யோஹானஸ் ஃபிபிகர் ஒரு புழு எலியின் வயிற்றில் புற்றை உண்டாக்குகிறது என்று சொல்லியிருந்தார், அவருக்குக் கொடுத்தார்கள். பின்னால் அது தவறு என்று ஆயிற்று. சூடு கண்ட பூனை என்பார்களே, அதுபோல் புற்றுநோய் ஆய்வென்றாலே பரிசுக் குழு பல காலம் ஒதுங்கி நின்றது. நிஜமான கண்டுபிடிப்பு பக்கத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்போது பொய்யான ஒன்றுக்குப் பரிசு போனதும், அந்தத் தவறே நிஜத்தின் பாதையை மேலும் அடைத்ததும் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் சங்கடமான பகுதி.

1951ல் நியூயார்க்கில் லுட்விக் கிராஸ் எலிகளின் இரத்தப் புற்று வைரஸால் தொற்றுவதைக் காட்டினார். அவரையும் முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வேறு பாலூட்டிகளிலும் வந்தது. 1958ல் ஹோவர்டு டெமின், ஹாரி ரூபின் என்ற இருவர் கலிபோர்னியாவில் ரவுஸின் வைரஸைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த கோழிக்கரு உயிரணுக்களில் விட்டு, அவை புற்றாக மாறுவதை எண்ணிக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முன்பு கோழி கோழியாக மாதக்கணக்கில் பார்த்ததை இனித் தட்டில் நாட்கணக்கில் பார்க்கலாம்.

அந்தத் தட்டுகள் ஒரு எதிர்பாராத செய்தியையும் சொல்லின. சில முட்டைகளின் கருவில் ரவுஸ் வைரஸ் பற்றவே இல்லை. ஏன் என்று ரூபின் தேடிப் போனபோது அந்த முட்டைகளுக்குள் ஏற்கெனவே வேறொரு வைரஸ் குடியிருந்தது தெரிந்தது. அதுதான் பண்ணைகளின் லுக்கோசிஸ். நோயில்லாதது என்று எல்லோரும் நம்பிய நல்ல முட்டைகள் அவை. மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகளைக் கோழி முட்டையிலோ கோழிக்கரு உயிரணுக்களிலோதான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சோதித்தபோது அவற்றிலும் கோழியின் புற்று வைரஸ் இருந்தது. அதனால் மனிதருக்குப் புற்று வந்ததாகப் பின்னாளைய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. கோழி வெறும் கோழிதானே என்று ஒதுக்கிய காலத்தில் அந்த வைரஸ் மனிதர்களின் கைகளில் ஊசி வழியே ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் திக்கென்றிருக்கிறது. அதன் பிறகுதான் லுக்கோசிஸ் இல்லாத கோழி மந்தைகளைத் தனியாகப் பேணி, தடுப்பு மருந்து முட்டைகளை அவற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். தடுப்பு மருந்துக்கு முட்டையைப் பயன்படுத்தும் வழியில் முதலில் நடந்தவர்களிலும் ரவுஸ் ஒருவர். 1911லேயே அவரும் ஜேம்ஸ் மர்ஃபியும் அந்தக் கட்டியை முட்டைக்குள் வளர்த்தார்கள். 1931ல் குட்பாஸ்சரும் வுட்ரஃபும் கோழி அம்மை வைரஸை அதே வழியில் வளர்த்தார்கள். ராணிக்கெட்டுக்கு இந்தியாவில் வெகுகாலமாகப் போடும் முக்தேஸ்வர் தடுப்பு மருந்தும் முட்டையில் பழக்கியதுதான்.

1966 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பரிசு. ஹார்மோன்களால் புற்றை அடக்கலாம் என்று காட்டிய சார்ல்ஸ் ஹக்கின்ஸோடு அதைப் பங்கிட்டுக்கொண்டார். அவருடைய மூத்த மகள் மார்னியின் கணவர் ஆலன் ஹாட்கின் மூன்று வருடங்களுக்கு முன்பே நோபல் பரிசு வாங்கிவிட்டார். மாமனாருக்கு முன் மருமகன். விருந்தில் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்க மாட்டார்களா என்ன!

பரிசு உரையில் ரவுஸ் ஒரு விஷயத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். உடலின் உயிரணுவில் மரபணு மாறுவதால்தான் புற்று வருகிறது என்ற கொள்கை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆதாரம் போதாது, அதை நம்பி ஆராய்ச்சியாளர்கள் அமைதியாகத் தூங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். இது 87 வயதுக் கிழவரின் பிடிவாதம் என்று ஒதுக்க நான் தயாரில்லை. மரபணுவின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வைரஸையும் இரசாயனத்தையும் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற பயம் அதில் இருந்தது. அவர் அனுபவத்தில் அந்தப் பயம் நியாயமானது. கருப்பை வாய்ப் புற்றும் கல்லீரல் புற்றும் பெரும்பாலும் வைரஸால் வருபவை என்று பின்னால் தெரிந்தபோது அவர் பக்கம் ஒரு பாதி உண்மை நின்றது. மறுபாதியில் அவர் தோற்றார். அந்தத் தோல்வியைக் கொண்டுவந்ததும் அவருடைய கோழியே.

1970 பிப்ரவரி 16ம் தேதி நியூயார்க்கில் ரவுஸ் காலமானார். வயிற்றில் புற்றுநோய். வயது 90. அதே வருடம் ஜூன் மாதம் டெமினும், தனியாக டேவிட் பால்டிமோரும், இந்த வகை வைரஸ்கள் தங்கள் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதி உயிரணுவின் மரபில் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார்கள். டெமின் பயன்படுத்தியது ரவுஸ் வைரஸ். நாலு மாதம் பொறுத்திருந்தால் அவர் அதைப் படித்திருப்பார். மாரெக் நோய்க்குத் தடுப்பூசி வந்ததும் அதே காலகட்டத்தில்தான்; வான்கோழியில் இருக்கும் தீங்கில்லாத உறவுக்கார வைரஸை அதற்குப் பயன்படுத்தினார்கள். எந்த உயிரினத்திலும் புற்றைத் தடுத்த முதல் தடுப்பூசி அது. இன்று வணிகப் பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே, அல்லது முட்டைக்குள் 18ம் நாளிலேயே, அதைப் போட்டுவிடுகிறார்கள். நோய் நின்றது, தொற்று நிற்கவில்லை. தடுப்பூசி போட்ட கோழிகளுக்குள் பரவிப் பரவி மாரெக் வைரஸ் முன்பைவிடக் கொடியதாகியிருக்கிறது. லுக்கோசிஸுக்குத் தடுப்பூசியே கிடையாது. முட்டை வெள்ளைக்கருவைச் சோதித்து வைரஸ் உள்ள தாய்க்கோழியை மந்தையிலிருந்து விலக்குவதுதான் வழி.

1976ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹரால்டு வார்மஸ் இருவரின் குழு, ரவுஸ் வைரஸ் புற்றை உண்டாக்கப் பயன்படுத்தும் மரபணுவைத் தேடிப் போய், அது நோயில்லாத சாதாரணக் கோழியின் உயிரணுவிலேயே இருப்பதைக் கண்டது. வாத்திலும் காடையிலும் இருந்தது. பின்னர் மனிதரிலும் இருந்தது. வைரஸ் அதைத் தானாகக் கொண்டுவரவில்லை. எங்கோ ஒரு கோழியின் உடம்பிலிருந்து ஒரு சாதாரண லுக்கோசிஸ் வைரஸ் அதைத் திருடி, மாற்றி, திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது. பண்ணையில் நாலு மாதம் எடுக்கும் நோய் ரவுஸின் கையில் சில வாரங்களில் கோழியைக் கொன்றது இதனால்தான். அதாவது மாறிய மரபணு. ரவுஸ் ஸ்டாக்ஹோமில் நின்று மறுத்த அதே விஷயம். பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் இருந்திருந்து அந்தக் கட்டுரை அவருடைய இதழுக்கு வந்திருந்தால், ஓரம் முழுக்கப் பென்சிலால் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திருத்தி வந்த பிறகு அச்சிட்டும் இருப்பார்.